வெள்ளைப் புகை விட்ட காதர் நானா

காதர் நானாவின் மகன் சலீம் போன் செய்தபோது நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் பேத்தி சுமையா ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். "மாமி, வாப்பா போயிட்டாங்க. கார்லேர்ந்து எறங்கும்போது அப்படியே விழுந்துட்டாங்க. ஹாஸ்பிடல்ல ட்ரை பண்ணாங்க மாமி" என்றான். அதற்கு மேல் அவனுக்குத் தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. இன்னாலில்லாஹி ஓதினேன். மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றான். அழுகை வருவதற்கு முன்னால் என் வாயில் வந்தது இதுதான்: "துவானுக்குச் சொன்னியா?"

"யாரு, வாப்பாவ வந்து அடிக்குமே, அந்தக் கிழமா? அவருக்கு எதுக்கு மாமி?"

"சொல்லுடா. நீ சொல்லலேன்னா நான் சுமையாவ வச்சு சொல்லுவேன்."

டெக்சாஸில் கேட்டியிலும் ஹூஸ்டன் பக்கத்திலும் காதர் நானாவை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவரை உங்களுக்குத் தெரியும், துவானைத் தெரியாது. துவானைத் தெரியாமல் நானாவைத் தெரியும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும். டாக்டருக்குப் படிக்கிற என் பேத்தி இதைப் படம் பிடித்து அனுப்புகிறாள். அவளை இப்படி வேலை வாங்குவதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

அடக்கத்துக்கு முன் தொழுகிற ஜனாஸா தொழுகைக்கு முன் மையித்தின், அதாவது இறந்தவரின், மகன் கூட்டத்தைப் பார்த்து நின்று கேட்பது வழக்கம். எங்கள் வாப்பா உங்களில் யாருக்காவது நோவினை செய்திருந்தால் அல்லாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பான். நாமும் பொறுத்துக்கொண்டோம் என்று முணுமுணுத்துவிட்டுத் தொழுகைக்குக் கையைக் கட்டிவிடுவோம். யாரும் அதை யோசித்துச் சொல்வதில்லை. காதர் நானா அந்த ஒரு கேள்வியை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தார். என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்: "சலீம் அதைக் கேக்குற நேரத்துல துவான் அங்க நிக்கணும் புள்ள. அவன் வாயிலேர்ந்து என்ன வருதுன்னு தெரியாம என்னை மண்ணுக்குள்ள எறக்கிடாதீங்க."

நானாவை நான் முதலில் பார்த்தது பெல்லேர் பக்கம் வியட்நாம்காரர் மீன் கடையில். கொடுவா வேண்டும் என்று கண்ணாடிக்கு மேலே கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மீன் வெட்டுகிறவன் வேறு ஏதோ மீனைத் தூக்கித் தராசில் போட்டான். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "அது கொடுவா இல்ல புள்ள. ஒன்னைய ஏமாத்துறான்." சுத்தமான காரைக்கால் தமிழ். திரும்பினால் வியட்நாம்காரர் முகம், சப்பைக் கண், ஆனால் நம் ஊர் ஆண்பிள்ளை உயரம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் அதற்குள் கண்ணாடி மேல் ஓங்கி அறைந்து வெட்டுகிறவனை அவன் பாஷையில் ஏசத் தொடங்கிவிட்டார். அவனும் கத்தியைத் தூக்கிக் காட்டி ஏசினான். கடையே திரும்பிப் பார்த்தது. கடைசியில் நல்ல கொடுவா வந்தது. "இதோட செவுளத் தொறந்து பாரு. இப்படிச் செவப்பா இல்லேன்னா மூஞ்சில வீசி எறி" என்றார். மீன் விஷயத்தில்கூட அவருக்குச் சண்டை இல்லாமல் முடியாது.

அவருடைய வாப்பா காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் போய்த் துணிக்கடை வைத்தவர். உம்மா அந்த ஊர்க்காரி. வீட்டில் தமிழ், தெருவில் அவர்கள் பாஷை. உம்மாவின் பெயரில், அந்த நாட்டுப் பிள்ளையாகப் பிறப்பைப் பதிந்திருந்ததால் வாலிப வயதில் பட்டாளம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். சண்டை விமானம் இல்லை. மரத்துக்கு மேலே தாழப் பறந்து எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்க்கிற சின்ன விமானம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இரண்டே இருக்கை. "நம்ம ஃப்ரீவேயில போற காரு வேகந்தான் புள்ள. சத்தம் புல்லு வெட்டுற மெஷின் மாதிரி. தகடு பிஸ்கட் டின்னு" என்பார்.

அந்த மாதிரி விமானம் ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வெளியே பழைய விமானங்களை நிறுத்திவைத்திருக்கும் கொட்டகை ஒன்றுக்கு நானா என்னையும் சுமையாவையும் கூட்டிப்போனார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இது பாவம், சாதுவான விமானம், மேலேயிருந்து பார்ப்பது மட்டும்தான் இதன் வேலை என்று சொன்னாராம். சுமையா அதை எனக்குத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, நானா கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டார். இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டாக நாலு குழாய் தொங்கியது. அதில் ஒன்றைக் கையால் ஓங்கி அறைந்தார். டங்கென்று கொட்டகை முழுதும் கேட்டது.

"வேடிக்கை பார்க்குற விமானமாம் புள்ள! அப்போ இது என்ன? செடிக்குத் தண்ணி ஊத்துற கொழாயா?"

அதையே ஆங்கிலத்தில் அந்தப் பெரியவர் முகத்துக்கு நேரே கத்தினார். நாலு குழாயில் நாலு ராக்கெட். உள்ளே இருப்பது பாஸ்பரஸ். விழுந்த இடத்தில் வெள்ளைப் புகை எழும்பும். மேலே காத்திருக்கிற பெரிய விமானங்கள் அந்தப் புகையைப் பார்த்து வந்து குண்டைப் போடும். "நான் காட்டுவேன், மேல வர்றவன் கொட்டுவான். இதுதான் என் வேலை. பார்க்குறது இல்ல" என்றார். அந்தப் பாஸ்பரஸ் மனிதன் மேல் பட்டால் தண்ணீரில் அணையாது, சதைக்குள்ளே இறங்கி எலும்பு வரை எரியும், சேற்றை அப்பித்தான் மூச்சை அடைக்க வேண்டும் என்றார். பிள்ளைகளின் தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நானா நிறுத்தவில்லை. கதவைத் திறந்து விமானத்தின் தரைத் தகட்டைத் தட்டினார். கீழேயிருந்து வந்த தோட்டா ஒன்று பின் இருக்கைக்காரனின் தொடையில் ஏறித் தோளில் வெளியே வந்ததாம். அவன் ரத்தம் முன் கண்ணாடி வரை தெறித்தது. சட்டைக்கையால் துடைத்துத் துடைத்து வழி பார்த்து இறக்கினேன், இறக்கும்போது அவனிடம் பேசிக்கொண்டே வந்தேன், அவன் எப்போதோ செத்திருந்தான் என்றார்.

காவலாளி வந்து எங்களை மரியாதையாக வெளியே விட்டார். பார்க்கிங்கில் நான், "இந்த வயசுல இப்படிக் கத்துனா நெஞ்சு வெடிச்சிடும் நானா" என்றேன். "அந்த ஆளு பொய்யி சொல்றான். பொய்யிக்கு மெதுவா பதில் சொல்ல எனக்கு வராது" என்றார்.

துவானை நான் பார்த்தது நோன்பு மாதத்தில். கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு நானா வீட்டுக்குப் போயிருந்தேன். சலீம் வீட்டில் இருந்தான். வாசல் மணி அடித்தது. நானா எழுந்து, செருப்புகூடப் போடாமல், கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஏன் கண்ணாடியைக் கழற்றுகிறார் என்று நான் யோசிப்பதற்குள் பளாரென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கார் நிறுத்தும் இடத்தில் நானா ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார், வாயோரம் ரத்தம். எதிரே அவர் வயதில் ஒரு வியட்நாம்காரர். வலது கை தோளோடு இல்லை, சட்டைக்கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. இருக்கிற இடது கையால் அடித்திருக்கிறார்.

நான் கஞ்சி அகப்பையை ஓங்கிவிட்டேன். "யாருடா நீ? கைய எறக்குடா! நோன்பு வச்ச மனுசன அடிக்கிற!" என்று தமிழில் கத்தினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அகப்பையைப் பார்த்து ஓர் அடி பின்னால் வைத்தார். பின்னாலிருந்து சலீம், "வாப்பா, திஸ் இஸ் இட், நான் போலீஸ கால் பண்றேன்" என்றான்.

"போன கீழ வை!" நானா அவனைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு என்னைப் பார்த்து, "விடு புள்ள. அகப்பைய எறக்கு. இது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது. வருசத்துல ஒரு நாளு" என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. நானா உள்ளே போய் வாயைக் கொப்பளித்து, பாலும் ஐஸும் போட்டு அவர்கள் ஊர்க் காப்பி ஒன்று கலந்து எடுத்துவந்தார். அடித்த மனிதர் வாசல்படியில் உட்கார்ந்து அதைக் குடித்தார். நோன்பாளி நானா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். குடித்து முடித்ததும் தம்ளரைப் படியில் வைத்துவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். ஒற்றைக் கையாலேயே வண்டியைத் திருப்பினார்.

அன்று நோன்பு திறந்தபின் நானா சொன்னார். வீங்கிய வாயோடு சொன்னார். அந்தச் சின்ன விமானத்தில் ராக்கெட்டுக்குக் குறி பார்க்கக் கருவி எதுவும் கிடையாதாம். ஒவ்வொருவரும் தன் இருக்கையில் உட்கார்ந்து, தன் கண்ணுக்கு நேரே முன் கண்ணாடியில் மெழுகுப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார்கள். கண், புள்ளி, இலக்கு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது விசையை அழுத்த வேண்டும். "புள்ளக்கிக் கன்னத்துல மை வைக்கிறாப்ல நானே வைப்பேன். ஒருத்தன் புள்ளி இன்னொருத்தனுக்கு ஆகாது" என்றார்.

அன்றைக்கு அவருடைய விமானம் பழுது. வேறொருவருடையதில் ஏறினார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பில் எதிரி. அந்தப் பக்கம் கரை மேட்டில் இவர்கள் பட்டாளத்துப் பையன்கள் மாட்டிக்கொண்டு, சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று ரேடியோவில் அலறுகிறார்கள். அந்த அலறல் காதில் இருக்கும்போது அந்தப் புள்ளியை அழித்துத் தன் புள்ளியை வைக்க நானாவுக்குத் தோன்றவில்லை. அந்த விமானத்துக்காரன் குள்ளம். நானாவுக்கோ வாப்பா கொடுத்த காரைக்கால் உடம்பு. அந்தப் படையில் அவரைவிட உயரமானவன் இல்லை. "நான் மேலேர்ந்து அவன் புள்ளியப் பார்க்குறேன். குறி சரியா இக்கிற மாதிரித்தான் தெரியும் புள்ள. ஆனா விமானத்தோட மூக்கு கொஞ்சம் தூக்கி நிக்குது. ராக்கெட் தாண்டிப் போயிடும்." நம் ஆள் இருக்கும் பக்கம் பார்த்து ராக்கெட் விடக் கூடாது, குறுக்கே போய்த்தான் விட வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டம். சுற்றி வர நேரமில்லை என்று நேரே பாய்ந்தார். அழுத்தினார்.

ராக்கெட் தோப்பைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, கரை மேட்டில் போய் வெடித்தது. பையன்கள் நடுவில் வெள்ளையாகப் புகை எழும்பியது. அந்தப் பாஸ்பரஸே நாலைந்து பேரைப் பிடித்துக்கொண்டது. எரிந்துகொண்டே வாய்க்காலில் குதித்தவர்கள், தண்ணீரிலிருந்து எழுந்தபோது மறுபடியும் எரிந்தார்கள். நானா ரேடியோவில் அங்கே இல்லை, அங்கே இல்லை என்று கத்தினார். மேலே காத்திருந்த முதல் குண்டு விமானம் அதற்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்துவிட்டது. அதற்குத் தெரிந்தது புகை ஒன்றுதான். குண்டு விழுந்தது. மண்ணும் மரமும் மனிதத் துண்டும் சேர்ந்து தன் இறக்கை உயரத்துக்கு எழும்பியதை அவர் பார்த்தார். "புகைய விட்டுட்டா திரும்பக் கூப்பிட முடியாது புள்ள" என்றார்.

இரண்டாவது விமானம் வந்துகொண்டிருந்தது. நானா தன் தகரப்பெட்டியைத் திருப்பி, அந்தப் புகைக்குள்ளேயே அதற்கு நேரெதிரே பறந்தார். மோதினால் மோதட்டும் என்று. அது இவரைப் பார்த்து மிரண்டு மூக்கைத் தூக்கி மேலே ஏறிவிட்டது. அது போன காற்றில் இவருடைய விமானம் குட்டிக்கரணம் போடப் பார்த்ததாம். கீழே கரை மேட்டில் கை பிய்ந்து கிடந்த துவான் மல்லாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு உயிரோடு எழுந்தவர்கள் ஒருசிலர். மற்றவர்களைப் பொறுக்கித்தான் எடுத்தார்களாம்.

நாடு விழுந்தபின் இருவரும் வேறு வேறு வழியாக டெக்சாஸ் வந்து சேர்ந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ நானாவைக் காட்டி, இவர் அந்தக் காலத்தில் புகை விமானம் ஓட்டியவர், நல்ல உயரமான ஆள் என்று சொல்லியிருக்கிறார்கள். துவான் எழுந்துவந்து, எந்த வாய்க்காலில் புகை விட்டாய் என்று மட்டும் கேட்டாராம். நானா ஊர்ப் பேரைச் சொன்னார். அங்கேயே முதல் அடி விழுந்தது. அதிலிருந்து வருசா வருசம்.

"அடி மொத விமானத்துக்கு. காப்பி ரெண்டாவது விமானத்துக்கு" என்றார் நானா. சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடு வலித்தது.

நான் எல்லாரையும் போலச் சொன்னேன்: "சண்டையில நடந்தது நானா. வேணும்னா செஞ்சீங்க? அல்லா மன்னிப்பான்."

அவருக்கு வந்ததே கோபம். மேசையை ஓங்கிக் குத்தினார், கஞ்சிக் கோப்பை கவிழ்ந்தது. "அல்லா தனக்கு உள்ளத மன்னிப்பான். துவான் கை துவானுக்கு உள்ளது. அத அல்லாகிட்ட கேட்டா, போயி அவன்கிட்ட கேளும்பான். அவன்தான் வருசா வருசம் வந்து பதில் சொல்லிட்டுப் போறானே, பார்த்தல்ல?" பிறகு குரல் இறங்கி, "அடிக்கிறானே தவிர, மன்னிச்சேன்னும் சொல்ல மாட்டேங்குறான், மாட்டேன்னும் சொல்ல மாட்டேங்குறான்" என்றார்.

அடக்கத்தன்று, கபுர்க்குழி வெட்டியிருந்த கபுருஸ்தானிலேயே தொழுகை. ஆண்கள் வரிசை கட்டினார்கள், பெண்கள் நாங்கள் பின்னால் நின்றோம். நான் வரிசையைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மையித்தைச் சுமந்துவந்த சந்தூக்கை இறக்கி வைத்தாகிவிட்டது. துவான் வரவில்லை. சலீம் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினான். நான் மனசுக்குள், கொஞ்சம் பொறுடா, கொஞ்சம் பொறுடா என்றேன். அப்போதுதான் கார் வந்தது. பழைய பட்டாளத்துச் சட்டை போட்டுக்கொண்டு, மடித்த கையோடு துவான் இறங்கினார். வரிசைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். சலீம் அவரைப் பார்த்தான். முகம் இறுகியது. ஆனாலும் கேட்டான், அவருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

எல்லாரும் பொறுத்துக்கொண்டோம் என்று முணுமுணுத்தார்கள். துவான் கையைத் தூக்கினார். கூட்டம் அடங்கியது. அவர் பேசப் பேச, சுமையா என் காதில் தமிழில் சொன்னாள்.

"என் கை என்னோடது. அத இன்னைக்கி விட்டுட்டேன். அன்னைக்கிச் செத்த மத்தவங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. அவங்களுக்குப் பதிலா நான் சொல்ல மாட்டேன்."

யாரோ ஒரு தம்பி மெல்ல, "அங்கிள், ஜஸ்ட் சே யெஸ். மையித்த காக்க வைக்கக் கூடாது" என்றான். துவான் அவன் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வரிசைக்குள் பின்வாங்கிவிட்டான். சலீம், "லெட் ஹிம் பி" என்றான். பிறகு அவர் எதிரே போய் நின்று, "வாப்பாவுக்கு வச்ச அடி இன்னும் பாக்கி இருந்தா என்னை அடிங்க" என்றான். துவான் இல்லை என்று தலையை ஆட்டினார். "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ அந்த விமானத்துல இல்ல."

தொழுகை முடிந்தது. கபுருக்குள் இறக்கினார்கள். எல்லாரும் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டோம். துவான் இடது கையால் அள்ளினார். அவர் போடவில்லை, எறிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க, ஒவ்வொரு பிடியையும் எறிந்தார். மண் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. எறிந்து முடித்ததும் கபுர் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மண் மூடி முடிக்கும்வரை யாரும் அவரை எழுப்பவில்லை.

அன்று வந்தவர்கள் பலர் நானாவின் தைரியத்தைப் பேசினார்கள். குண்டு விமானத்துக்கு எதிரே போனவர் என்றார்கள். உண்மைதான். ஆனால் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய பயத்தை. நரகத்துக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், டாக்டருக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தான் நோகடித்த மனிதனின் ஒரு வாய்ச்சொல்லுக்காக இத்தனை வருசம் பயந்து, அடி வாங்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போன ஒருவரைத்தான் பார்த்தேன். அந்தப் பயம் எனக்கு வேண்டும். என் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

அவருக்கு ஒரு கைக்குத்தான் பதில் கிடைத்தது. மீதிப் பேர் அவர் போயிருக்கிற இடத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு தொழுகையிலும் நான் அவருக்காகக் கேட்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்பதில்லை, அவருக்கே அது பிடிக்காது. அல்லாவே, அந்தப் பையன்கள் வரட்டும். அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். அடித்தபின் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரட்டும்.